அப்பத்தாவா, அம்மாச்சியா?

பிரையன் யங்கின் ‘ஹீலர் ஆஃப் தி வாட்டர் மான்ஸ்டர்’ (2021) நேற்றிரவு முடிந்தது. சிறுவர் நாவல்தான். கதை அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோக்களைப் பற்றியது. எழுதியவரும் நவஹோக்காரர். அப்பாவுடன் லாஸ் வேகாஸ் போகாமல் பாட்டி வீட்டுக்கு விடுமுறைக்குப் போகிறான் நேத்தன். அங்கே அவனுக்குத் தட்டுப்படுவது நோயில் கிடக்கும் ஒரு நீர்ப்பூதம். யுரேனியம் செய்த வேலை. இது மட்டும் கற்பனை இல்லை. 1979இல் நியூ மெக்சிகோவின் சர்ச் ராக்கில் அணை உடைந்து, யுரேனியக் கழிவு புவர்கோ ஆற்றில் கலந்ததே!

போருக்குப் போய்வந்து நொறுங்கிக் கிடக்கும் ஜெட் (நேத்தனின் அப்பாவுடைய சகோதரன்) வரும் பக்கங்களில் பூதத்தையே மறந்துவிட்டேன்.

அப்புறம், பாட்டியை நேத்தன் ‘நாலி’ என்கிறான். நவஹோ மொழியில் அப்பாவைப் பெற்றவள் என்று பொருள். அம்மாவைப் பெற்றவளுக்கு வேறு சொல். நம் அப்பத்தா, அம்மாச்சி மாதிரியே. ஆங்கிலத்தில் ரெண்டு பேரும் வெறும் கிராண்ட்மா!