முறுக்கைத் தொடாத பிள்ளை

என் மகனுக்கு அப்போது ஐந்தரை வயது. பல் வலிக்கிறது என்று ஒரு நாளும் அவன் சொன்னதில்லை. முறுக்கை டீயில் ஊறவைத்துத்தான் தின்பான். தாத்தாவிடம் பழகியது என்று சிரித்துக்கொண்டிருந்தோம். சோற்றை இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பான். திட்டியிருக்கிறேன், ஒருமுறை அடித்தும் இருக்கிறேன். டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். வகுப்பில் தூங்குகிறான், பக்கத்துப் பையனைத் தள்ளிவிடுகிறான் என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்பினார். நடுராத்திரியில் எழுந்து அழுதால், ஏதோ கெட்ட கனவு என்று திருநீறு பூசிப் படுக்கவைப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னம் வீங்கியபோதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது பக்கம் கீழே இரண்டு கடைவாய்ப் பல்லும் கறுப்பு. ஒன்றில் குழியே விழுந்து, காலையில் தின்ற இட்லித் துணுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தது.

"பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்றார் மாமியார். எனக்கும் அதுதான் எண்ணம். முதலில் போன இடத்தில் கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். அவன் போட்ட கூச்சலில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் குழந்தைகளுக்கென்றே படித்த பல் டாக்டர் ஒருவரைத் தேடிப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார், வீக்கத்துக்கு மருந்து கொடுத்தார். அன்றைக்குப் பல்லைத் தொடவே இல்லை. நாற்காலியை ஏற்றி இறக்கிக் காட்டி, காற்றடிக்கும் குழாயை அவன் நகத்தில் பிடித்து விளையாட்டுக் காட்டினார். பிடுங்கிவிடலாமே என்று கேட்டேன். முன்பல்தான் ஆறேழு வயதில் விழும், கடைவாய்ப் பால் பல் விழப் பத்து முதல் பன்னிரண்டு வயது ஆகும் என்றார். "அதுவரை எதை வைத்து மெல்லுவான்?" போதாததற்கு, ஆறு வயதில் அதற்குப் பின்னால் முளைக்கிற நிரந்தரப் பல் காலி இடத்துக்குச் சாய்ந்துவிடுமாம். பிடுங்கினால் இடம் அடையாமலிருக்கக் கம்பி போடவேண்டும். பிடுங்காமல் பல்லுக்குள் கெட்டதைச் சுத்தம் செய்து அடைக்கிற வேர் சிகிச்சையே இருக்கட்டும் என்றேன்.

ராத்திரி பால் பாட்டில் பழக்கம் உண்டா என்று கேட்டார். மூன்று வயது வரை சர்க்கரை போட்ட பாலை வாயில் வைத்துத் தூங்கவைத்தது நான்தான். தூக்கத்தில் எச்சில் குறைவதால் பால் பல்லிலேயே தங்கிவிடுகிறது என்றார். மாமியார் பக்கம் நான் திரும்பவே இல்லை.

மூன்று முறை போனோம். ஈறில் ஜெல் தடவி, மரத்த பிறகுதான் ஊசி. மரத்துப்போன உதட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஆட்டோவில் போன் வந்ததில் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வருவதற்குள் கீழுதட்டைச் சூயிங்கம் மாதிரி மென்று வைத்திருந்தான். பல்லை விட அந்தப் புண்தான் மூன்று நாள் படுத்தியது.

குழி விழுந்த பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து ஸ்டீல் கேப் போட்டார்கள், மற்றதை அடைத்தார்கள். கேலி செய்வார்களோ என்று எனக்குத்தான் பயம். அவனோ கேட்காதவர்களுக்கும் கன்னத்தை இழுத்து வெள்ளிப் பல்லைக் காட்டினான். ராத்திரி அழுகை அந்த வாரமே நின்றது. வலது பக்கம் மெல்லப் பழகத்தான் ஒரு மாதம் பிடித்தது.

போன வாரம் டைரியில் மிஸ் எழுதியிருந்தார்: வகுப்பில் வாயே மூடுவதில்லை.