சீனி இறங்க, கொழுப்பும் இறங்கியது

சீனி வருத்தம் வந்தவர்கள் ரிப்போட்டைக் கையில் எடுத்ததும் தேடுவது வெறும் வயிற்றுச் சீனியையும், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சியையும்தான். எனக்கு அதிகம் புரியவைத்தது அவற்றுக்குக் கீழே இருந்த ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு.

வெள்ளவத்தையில் வீட்டுக்குப் பக்கத்து லேபில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும் குடித்து, காலையில் இரத்தம் கொடுத்தேன். எச்பிஏ1சி 9.1. ட்ரைகிளிசரைட் 436, அது 150க்குக் கீழே இருக்கவேண்டும். எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரோல், என்ற இடத்தில் இலக்கமே இல்லை, வெறும் கோடு. ஏன் என்று கிளினிக்கில் கேட்டேன். பல லேப்களில் எல்டிஎல்லை நேரே அளப்பதில்லையாம். மொத்தக் கொலஸ்ட்ரோலில் எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ரோலையும் ட்ரைகிளிசரைட்டில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துத்தான் எடுக்கிறார்கள். ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு சரிவராது.

எங்கள் வீட்டில் பொரியல் குறைவு. அப்படியிருக்க இவ்வளவு கொழுப்பு எங்கிருந்து வந்தது? டொக்டர் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் ஈரலைக் கீறிக் காட்டினார். சாப்பிட்ட பிறகு சீனியைத் தசைக்குள் அனுப்புவதும் இன்சுலின்தான், சேமித்த கொழுப்பை இப்போது வெளியே விடாதே என்று தடுப்பதும் இன்சுலின்தான். உடல் இன்சுலினுக்கு மசியாதபோது கொழுப்பமிலங்கள் இரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். ஈரல் அவற்றை ட்ரைகிளிசரைட்டாகக் கட்டி வெளியே அனுப்பும். கூடவே சீனியையும் தேவைக்கு மேல் செய்யும். தசையோ கொழுப்பமிலத்தை எரித்துக்கொண்டு சீனியைக் கண்டுகொள்ளாது. மிஞ்சிய மாச்சத்தும் ஈரலில் கொழுப்பாகிவிடும்.

"எண்ணெய் இருக்கட்டும். முதலில் சோற்றையும் தேத்தண்ணிச் சீனியையும் பாருங்கோ" என்றார். ட்ரைகிளிசரைட் 500க்கு மேல் போனால் கணையம் வீங்கும் ஆபத்து கூடும் என்பதையும் அழுத்திச் சொன்னார்.

சீனியை இறக்கும் மெட்ஃபோர்மின் குளிசை தொடங்கியது. பிளேன்டிக்குச் சீனி நின்றது. மத்தியானக் கோப்பையில் பாதி வல்லாரைச் சம்பலும் கங்குனும், கால்வாசி சிவப்பரிசிச் சோறு, மீதி மீனும் பருப்பும். சொல்ல இலகு; இரவில் புட்டைக் குறைத்ததுதான் எனக்குப் பெரிய பாடு. பின்னேரங்களில் மரைன் டிரைவில் வேர்க்க வேர்க்க நடந்தேன். வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பாராமலே சீனியை இழுத்துக்கொள்ளும் என்று தெரிந்த பிறகு மழைக்காலத்திலும் நடையை விட மனம் வரவில்லை.

கனடாவில் இருக்கும் மச்சாள் மீனெண்ணெய்க் குளிசை அனுப்பியிருந்தார். அது ட்ரைகிளிசரைட்டைக் குறைக்க உதவலாம், ஆனால் சீனியை இறக்காது, அதை நம்பி மருந்தை விட்டுவிடக்கூடாது என்றார் டொக்டர். சரி, கிழமையில் சில நாள் சூடையோ சாளையோ வாங்கிப் பொரிக்காமல் குழம்பு வைத்தோம்.

அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து. சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், அதற்கு முன் எச்பிஏ1சி முழு மாற்றத்தைக் காட்டாது. இந்த முறை 7.2. ட்ரைகிளிசரைட் 178. கொழுப்புக்கென்று தனி மருந்து ஒன்றும் எடுக்காமலே அவ்வளவு இறங்கியதைப் பார்த்து, ரிப்போட்டை லேப் வாசலிலேயே திரும்பத் திரும்ப வாசித்தேன்.

கோடு இருந்த இடத்தில் இப்போது எல்டிஎல் 131 என்று விழுந்திருந்தது. சீனி வருத்தக்காரருக்கு அது அதிகம் என்று சொல்லி, கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் அட்டோவஸ்டற்றின் எழுதினார் டொக்டர். இரவில் அதையும் போடுகிறேன்.