இரணைமடுவில் கறுப்புக் குருவி தேடி

இன்று பின்னேரம்தான் கிளிநொச்சியால் வந்து சேர்ந்தேன். கால் உளைவு போகவில்லை, ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.

லண்டனில் இருக்கும் மச்சாள், பொழுதுபடும் நேரம் பக்கத்து வீட்டுக் கூரையில் இருந்து பாடும் பிளாக்பேர்டை ஒலிப்பதிவு செய்து அனுப்பி, "உங்கட பக்கம் இது இல்லையோ?" என்று கேட்டிருந்தாள். உடம்பு முழுக்கக் கறுப்பு, மஞ்சள் சொண்டு. அதன் இனசனம் இங்கே மலைநாட்டுக் குளிரோடு சரி, வன்னி வெயிலுக்கு இறங்காது. சரி, எங்களிடம் இருக்கும் கறுப்புக் குருவியைக் காட்டுவோம் என்று வெள்ளெனவே இரணைமடுக் குளத்துக்கு வெளிக்கிட்டேன்.

பஸ்ஸைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டேன். இரணைமடுச் சந்தியில் இறங்கியதும் தொடங்கியது வில்லங்கம். குளக்கட்டுக்குப் போக ஆட்டோக்காரர் 1500 ரூபா கேட்டார். "அண்ணை, இந்தத் துண்டுத் தூரத்துக்கோ?" என்றால், "வெயிலைப் பாருங்கோ தம்பி" என்கிறார். காலை ஏழு மணிக்கு என்ன வெயில்? கடைசியில் 1200 கொடுத்தேன், இன்னும் வயிறு எரிகிறது. போகிறவர்கள் ஏறுமுன் விலை பேசுங்கள்.

ஆனால் குளக்கட்டில் ஏறியதும் காசை மறந்துபோனேன். பட்ட மரமெங்கும் நீர்க்காகங்கள், சிறகை விரித்துக் காயவிட்டபடி. கீழே வயலில் சிறுபோகத்துக்கு உழவு நடக்கிறது, உழவு மெசினுக்குப் பின்னால் கொக்குக் கூட்டம். அதற்குப் பக்கத்தில் ஒரு நாம்பன் மாட்டின் முதுகில் இரட்டைவால் குருவி, எங்கள் ஆச்சி கரிச்சான் என்பா. மண் புரளப் புரள எழும்பும் பூச்சியைக் காற்றிலேயே கவ்விக்கொண்டு அதே முதுகுக்குத் திரும்பி வருகிறது, நானும் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் கரிதான். பத்தடிக்குள் வந்து சூரியன் பக்கம் திரும்பியபோது முதுகில் மயில்கழுத்து நீலம் ஓடியது. சொண்டு தொடங்கும் மூலையில் குறுணி அரிசி அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு, அதை நான் இதுவரை கவனித்ததே இல்லை.

திடீரென்று ஒரு செம்பருந்து தாழப் பறந்தது. எங்கிருந்தோ இன்னொரு கரிச்சானும் சேர்ந்துகொண்டது, இரண்டுமாக அதன் முதுகில் கொத்திக் கொத்திக் குளத்துக்கு அப்பால் கலைத்துவிட்டன. பக்கத்து மரத்தில் கூடு இருந்திருக்க வேண்டும். அந்தத் துணிச்சலை ஆயிரம் பாட்டுக்கும் நான் கொடுக்கமாட்டேன்.

பசித்துப்போய், ஒரு சின்னக் கடையில் மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறும் விரால் மீன் குழம்பும் சாப்பிட்டேன், 600 ரூபா. புளி தூக்கலாக, உறைப்பு நாக்கில் நின்றது. கடைக்கார அக்கா கேட்காமலே இரண்டாம் தரம் குழம்பு ஊற்றினா. இதற்கு 1200 கேட்டிருந்தாலும் மனம் வந்து கொடுத்திருப்பேன்.

திரும்ப வயற்கார ஐயா ஒருவர் தன் மோட்டார் சைக்கிளில் சந்திவரை ஏற்றிவந்தார், காசு நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார். வழியில் ஒரு கல்லில் கருஞ்சிட்டு நின்றது. வாலைத் தூக்கியதும் அடியில் செங்கல் நிறம் தெரிய, ஐயாவே வண்டியை நிறுத்திவிட்டார். "இது எங்கட வளவிலயும் நிக்கிறது" என்றார். இரண்டு பேரும் அது பறக்கும்வரை அசையாமல் இருந்தோம்.