ஜாக் உடைந்த கிட்டார்

"இதுல பேட்டரி எங்க தம்பி போடறது?"

ராயக்கோட்டை ரோட்டு டிவி ரிப்பேர் கடையில் அண்ணன் கேட்டார். அவர் மடியில் என் எலக்ட்ரிக் கிட்டார். பார்சல் பெட்டியின் மூலை நசுங்கியிருந்ததைப் பார்த்தபோதே எனக்குப் பகீரென்றது. ஸ்பீக்கர் ஒயரைச் செருகும் ஓட்டையான ஜாக் உள்ளே அமுங்கி, அதன் இரண்டு ஒயரும் அறுந்து தொங்கின.

பேட்டரி கிடையாது அண்ணா, காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பியும்தான், மேலே மீட்டுற கம்பி அதிர்ந்தால் கரண்ட் வரும் என்றேன்.

"அட, நம்ம சைக்கிள் டைனமோ!"

அப்புறம் என்னை எதுவும் கேட்கவில்லை. பழைய ஈயத்தை உருக்கி வழித்தார். ஒயர் நுனியைச் சுரண்டி, பேஸ்ட் தொட்டார். மாற்றிப் பத்தவைத்தால் 'ஙொய்'யென்று இரையும் என்பதால், மீட்டர் வைத்து எர்த் எதுவென்று பார்த்துக்கொண்டுதான் ஈயம் வைத்தார்.

நல்லவேளை, கழுத்து தப்பியது. ஆறு கம்பியையும் தளர்த்தாமலே அனுப்பியிருக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து 40 கிலோவுக்கு மேல் இழுக்கும். பெட்டி ஒருமுறை மல்லாக்க விழுந்திருந்தால் தலை முறிந்திருக்கும்.

எதிரே மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் வைக்கோல். என் கிட்டாருக்கு ஒரே ஒரு சுற்று பபிள் ஷீட்.

"சரி, ஒரு பாட்டு வாசி பார்ப்போம்" என்றார் அண்ணன்.

எனக்கு இதுவரை தெரிந்தது ஈ மைனர் என்கிற ஒரே ஒரு கார்டு மட்டும்தான்.