முற்றிய வயலின் மஞ்சளும் ஈரம் குடித்த தாளும்

நான்கு மாதங்களாக என் கைக்கு அடங்காமல் நின்ற வயல், சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரே பூச்சில் கறையின்றிக் காய்ந்தது. ஆரையம்பதியில் எங்கள் வீட்டாரைப் போன்றவர்கள் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடும் மேற்கே படுவான்கரையில் வயலுமாக வாழ்ந்த காலத்தை நீர்வண்ணத்தில் ஆறு படங்களாகத் தீட்டி வருகிறேன். இது மூன்றாவது: பெரும்போக அறுவடைக்கு முந்திய வயலும் அதன் ஓரத்தில் வாடி என்னும் ஒரு வயற்குடிசையும்.

முதல் வரைவில் வயல் முழுவதையும் பொன்மஞ்சளாகப் பூசியிருந்தேன். அதைப் பார்த்த பெரியப்பா, "முழு வட்டையும் (வயல்வெளியும்) ஒரே நாளில பழுக்காது மகன், மேட்டுப்பக்கம் முந்திப் பழுக்கும், தண்ணி நிக்கிற பள்ளம் பச்சையாத்தான் கிடக்கும்" என்றார். ஆகவே யெலோ ஓக்கர் மஞ்சள், கோடு விழாமல் மெல்ல மெல்லப் பச்சைக்குள் கரைய வேண்டியிருந்தது. ரியூப்பிலிருந்து நேராக எடுக்கும் பச்சை எந்த வயலுக்கும் பொருந்துவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். அல்ட்ராமரின் நீலத்தோடு எலுமிச்சை மஞ்சளைக் கலந்து, பேர்ண்ட் சியன்னாவில் ஒரு துளி சேர்த்தால்தான் நெற்பச்சை கிடைக்கிறது.

கலவை சரியாக வந்த பின்னரும் நான்கு தாள்கள் வீணாயின. ஈரப்பூச்சு பரவும்போதே ஊசி குத்தியதைப் போலக் கரும்புள்ளிகள் தோன்றி, வண்ணம் அவ்விடங்களில் ஆழ இறங்கிவிட்டது. தூரிகையை மாற்றினேன்; பலகையின் சாய்வையும் மாற்றினேன்; பயனில்லை. ஐந்தாவது தாளின் மூலையில் வெறும் தண்ணீரை ஒரு சொட்டு விட்டபோது, அது மணியாக நிற்காமல் உடனே உறிஞ்சப்பட்டது. அப்போதுதான் பிழை கையில் இல்லை, தாளில் இருக்கிறது என்று விளங்கியது. நல்ல பருத்தித் தாள்கள் பலவற்றுக்கு ஜெலற்றின் பசை ஏற்றப்பட்டிருக்கும். வண்ணத்தை மேற்பரப்பில் தாங்குவது அந்தப் பசைதான். வாவிக்கரை வீட்டு அலுமாரியில் இரண்டு மாரிகளைக் கண்ட, சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள தாளில், ஈரம் அதை இடையிடையே சிதைத்துவிட்டிருந்தது.

மீதித் தாள்களை எறிய மனம் வரவில்லை. ஒரு லீற்றர் தண்ணீரில் 20 கிராம் ஜெலற்றினை ஊறவைத்து, கொதிக்கவிடாமல் சூடாக்கிக் கரைத்து, அகலத் தூரிகையால் இருபக்கமும் பூசிக் கொடியில் தொங்கவிட்டேன். மழைக்குளிரில் காய இரண்டு நாள் சென்றது. பிறகு விட்ட சொட்டு மணியாக நின்றதைப் பார்த்தபோது உண்டான மகிழ்ச்சி, படம் முடிந்தபோதுகூட வருமா என்று தெரியவில்லை. இனிமேல் கொழும்பிலிருந்து கட்டாகத் தாள் எடுப்பிக்க மாட்டேன். தேவைக்கு நான்கைந்து தாள்கள் வாங்கி, சிலிக்கா ஜெல் பொதிகளுடன் பொலித்தீன் உறையில் அடைத்து வைப்பேன்.

நான்காவது படத்துக்கு மண்முனைப் பாதையை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகை) தேர்ந்துள்ளேன். 2014 இல் பாலம் திறக்கப்பட்ட பிறகு அங்கே பாதை ஓடுவதில்லை. நெல் மூட்டைகளுடன் அது வாவியைக் கடந்த காட்சியை நினைவிலிருந்தும் பெரியப்பாவின் சொல்லிலிருந்துமே வரைய வேண்டும். பென்சிலில் இரண்டு வரைவுகள் ஆயிற்று. இதற்கிடையில் மூன்றாவது படத்தின் வாடிக்கூரை இன்னும் வெள்ளையாகவே நிற்கிறது. நான் தென்னங்கிடுகு என்று குறித்திருந்தேன். தங்கள் வாடி இலுக்குப் புல்லால் வேய்ந்தது என்று பெரியப்பா திருத்தியதால், அந்தப் புல்லின் சாம்பல் கலந்த பழுப்பைக் கலந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.