திருவல்லிக்கேணிப் பதிவேட்டுக் குறிப்புகள்

செப்டம்பர் 3

எங்கள் குடும்பம் திருவல்லிக்கேணியில் குடியிருந்த 1905 முதல் 1930 வரையிலான காலத்தின் பிறப்பு, திருமண, இறப்பு விவரங்களைத் திரட்டத் தொடங்கியிருக்கிறேன். மாநகராட்சியில் பெற்ற நகலில் என் பாட்டியின் அக்காவுக்குப் பெயர் இல்லை. ‘பெண்’ என்ற சொல்லும், தந்தை பெயரும், தெருவும், கதவிலக்கமும் மட்டுமே இருக்கின்றன. தீட்டுக் கழிந்து பதினோராம் நாள்தான் பெயர் சூட்டுவார்கள் என்பதால், அதற்கு முன்பே எழுதப்பட்ட பதிவில் அந்தக் கட்டம் வெறுமையாக நின்றுவிட்டது. பிறகு போய்ப் பெயரைச் சேர்க்க யாரும் மெனக்கெடவில்லை. அந்தக் குழந்தையின் பெயர் இன்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்பது எனக்குப் பெரிய வருத்தம். பெண்களுக்கென்றே 1885இல் ஆங்கிலேய மருத்துவர் மேரி ஷார்லீப் தொடங்கிய கோஷா (திரைமறைவில் வாழும் பெண்களுக்கான) ஆஸ்பத்திரி பின்னர் சேப்பாக்கத்துக்கு வந்திருந்தும், எங்கள் வீட்டுப் பிரசவங்கள் மருத்துவச்சியின் கையில்தான் நடந்தன.

செப்டம்பர் 6

திருமணங்களைத் தேடுவது கடினம். கிறித்தவர்களின் திருமணங்கள் 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி தேவாலயப் பதிவேட்டில் ஏறின; முஸ்லிம்களின் நிக்காஹ் (திருமணம்) காஜியாரின் தஃப்தரில், அதாவது பதிவேட்டில், எழுதப்பட்டது; இந்துக்களுக்கு அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டுமென்ற சட்டமே 2009இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே கைக்கு எட்டியவை மஞ்சள் தடவிய முகூர்த்தப் பத்திரிகையும் ஜாதகக் கட்டும்தான். ‘சாதாரண வருஷம் வைகாசி மாதம்’ என்று அச்சிட்டிருக்கும் பத்திரிகையில் ஆங்கிலத் தேதி இல்லை. அறுபதாண்டுச் சுழற்சியில் அது 1910ஆகவும் இருக்கலாம், 1970ஆகவும் இருக்கலாம். பெண்ணின் ஜாதகத்தோடு ஒப்பிட்டபோது 1910 என்று உறுதியாயிற்று. அவளுக்கு அப்போது பத்து வயது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று வயதை வரையறுத்த சாரதா சட்டம் 1930 ஏப்ரல் 1 அன்றுதான் அமலுக்கு வந்தது; அந்த நாளுக்கு முன்பே முடித்துவிட வேண்டுமென்று நாடெங்கும் சிறுபிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்தார்கள்.

செப்டம்பர் 11

இன்று மகாகவி நாள். பாரதியார் இறந்தது இதே திருவல்லிக்கேணியில், துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டில். உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11ஆம் தேதி நள்ளிரவு கடந்து, ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு. மாநகராட்சிப் பதிவேடு 12 என்று எழுதியது; பொழுது விடிந்தால்தான் மறுநாள் என்று கொள்ளும் வீட்டு வழக்கம் 11 என்றது. இரண்டும் தத்தம் கணக்கில் சரியானவையே என்று நினைக்கிறேன்.

என் கொள்ளுத்தாத்தாவின் இறப்பிலும் இதே ஒருநாள் வேறுபாடு தெரிகிறது: சிராத்தத் திதிக்கு உரிய தேதியும் பதிவேட்டுத் தேதியும் ஒத்துப்போகவில்லை. இறப்புக் காரணத்துக்கு எதிரே ‘காய்ச்சல்’ என்று இருக்கிறது. மருத்துவர் பார்க்காத சாவுகளில் வீட்டார் சொன்னதே காரணமாயிற்று. மலேரியாவும், டைஃபாய்டும், 1918இன் இன்ஃப்ளூயன்சாவும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. அவர் இறந்தது 1918 அக்டோபரில் என்பதால் அந்தக் கொள்ளைநோயாகவே இருக்கக்கூடும் என்று தோன்றினாலும், குடும்ப வரிசையில் ‘காய்ச்சல்’ என்றே எழுதி, தேதிகள் இரண்டையும் அருகருகே குறித்துவைத்தேன்.