8 இருக்க வேண்டிய இடத்தில் 9

லூப்பேக் சோதனையில் (போர்டு தான் அனுப்பியதைத் தானே வாங்கிப் பார்க்கும் சோதனை) பாஸ் ஆன போர்டை அப்படியே பெட்டியில் போட்டு அனுப்புவது எனக்குப் பிடிப்பதில்லை. காரைக்குடியில் எங்கள் பட்டறையில் கேன் பஸ் போர்டுகள் செய்கிறோம். பல போர்டுகள் ஒரே ஜோடி வயரில் பேசிக்கொள்ளும் முறைதான் கேன் பஸ். கானாடுகாத்தானில் விடுதியாக மாற்றிய ஒரு பழைய வீட்டு வேலைக்குப் பிறகு, இதில் என் கருத்து இன்னும் உறுதியாகிவிட்டது.

முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும் வீடு அது. முகப்பில் பேட்டரி, மாடியில் தண்ணீர்த் தொட்டி, பின்கட்டில் கிணற்று மோட்டார். மூன்றுக்கும் ஆளுக்கொரு போர்டு. சுண்ணாம்புப் பூச்சில் துளை போடவே கூடாது என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள். வயரைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனதில் நீளம் கூடியது. வயர் நீண்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதால், நொடிக்கு 125 கிலோபிட்டோடு நிறுத்திக்கொண்டோம்.

நாங்கள் போட்டது எஸ்டிஎம்32எஃப்103 சிப். அதில் லூப்பேக் மோடு வைத்தால், அனுப்பும் செய்தி சிப்புக்குள்ளேயே திரும்பி வரும். செய்தி வாங்கும் ஆர்எக்ஸ் பின்னில் என்ன நடந்தாலும் சிப் கண்டுகொள்ளாது. சாதாரண மோடில் செய்தி கிடைத்ததற்கு இன்னொரு போர்டு ஒப்புதல் பிட் தர வேண்டும். தனிப் போர்டு என்றால் அது கிடைக்காமல் அதே செய்தியை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். லூப்பேக்கில் ஒப்புதலும் வேண்டாம். அதனால் மேசையில் ஒரே போர்டை வைத்துக்கொண்டு புரோகிராமைச் சோதிக்கலாம். எந்தச் செய்திகளை உள்ளே விடலாம் என்று சொல்லும் ஃபில்டரை மட்டும் அமைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் லூப்பேக்கிலும் ஒன்றும் வராது. புதிதாக வருகிறவர்கள் சிப் போய்விட்டது என்று நினைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

கிணற்றுப் போர்டு லூப்பேக்கில் சுத்தமாகப் பாஸ். வீட்டில் மாட்டியதும் அதுவும் பேசவில்லை, மற்ற இரண்டும் திணறின. "வயர்லதான் எங்கயோ கட் இருக்கும்ணே" என்றாள் கூட வந்த தங்கச்சி. அளந்து பார்த்தோம். வயரின் இரண்டு முனையிலும் போடும் 120 ஓம் ரெசிஸ்டர்கள் இருந்தால் நடுவில் 60 காட்ட வேண்டும், காட்டியது. சரி, கோளாறு வயரில் இல்லை.

லூப்பேக்கில் இருக்கும்போதும் செய்தி, அனுப்பும் டிஎக்ஸ் பின் வழியாக வெளியே போகும். சைலன்ட் லூப்பேக் என்ற இன்னொரு மோடில்தான் போகாது. லூப்பேக் மோடின் பெரிய பயனே செய்தி இப்படி வெளியே வருவதுதான் என்பேன், பலர் பயன்படுத்துவதில்லை. போர்டைக் கழற்றி, மறுபடி லூப்பேக்கில் ஓடவிட்டு, டிஎக்ஸில் சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை வைத்தோம். 125 கிலோபிட்டில் ஒரு பிட் 8 மைக்ரோசெகண்ட். திரையில் 9 இருந்தது.

சிப்புக்குத் துல்லியமான கிளாக் தரும் கிரிஸ்டலின் ஒரு கால் சால்டரில் பிடிக்கவில்லை. கிரிஸ்டல் ஓடாவிட்டால் சிப்புக்குள்ளேயே இருக்கும் ஆசிலேட்டருக்கு மாறும்படி புரோகிராம் இருந்தது. அப்படி மாறியதில் சிப்பின் கிளாக் 72 மெகாஹெர்ட்ஸிலிருந்து 64 ஆனது, அதில் கேன் பகுதிக்குப் போகும் 36 என்பது 32 ஆனது, 125 கிலோபிட் 111 ஆக இறங்கியது. லூப்பேக்கில் அனுப்புவதும் வாங்குவதும் அதே கிளாக். ஒரே கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு நேரம் சரி என்று சொல்வது போன்றதுதான் அது. சிப்பை வயரோடு இணைக்கும் டிரான்ஸீவரும் அந்தச் சோதனைக்குள் வருவதேயில்லை.

இப்போது லூப்பேக் ஓடும்போதே பிட்டின் அகலத்தை அளக்கிறோம். அப்புறம் இரண்டு போர்டுகளை, முனைகளில் 120 ஓமோடு, சாதாரண மோடில் பேசவிடுகிறோம். புரோகிராமையும் மாற்றியாயிற்று: கிரிஸ்டல் ஓடவில்லையென்றால் போர்டு பஸ்ஸில் சேராது, சிவப்பு விளக்கை மட்டும் சிமிட்டும்.